வேரிலிருந்து துளிர்த்த எலுமிச்சையை மீட்க ஆலோசனை தேவை

ராமேசுவரம் தீவிலுள்ள தங்கச்சிமடத்தில், மணற்பாங்கான எங்கள் தோட்டத்தில் நின்ற ஒன்பது வயது எலுமிச்சை மரம், 2024 நவம்பர் 20 அன்று கொட்டிய பெருமழைக்குப் பின் (ராமேசுவரத்தில் அன்று 40 செ.மீ.க்கு மேல் பதிவானது) பத்து நாட்களுக்கு மேல் உப்புக் கலந்த நீரில் நின்று, தை மாதத்திற்குள் நுனியிலிருந்து அடிவரை காய்ந்துவிட்டது. அது ஒட்டுக்கன்றாக வாங்கி நட்ட மரம்.

வாய்க்கால் வெட்டி நீரை வடித்தேன். பட்ட பகுதியைத் தரையிலிருந்து ஓரடி உயரத்தில் அறுத்து, வெட்டுவாயில் காப்பர் ஆக்ஸிகுளோரைடு என்ற பூஞ்சைக்கொல்லியைக் குழைத்துப் பூசினேன். கிணற்று நீர் கரிப்பதால் லாரித் தண்ணீரை மட்டுமே ஊற்றி, தொழுவுரமும் வேப்பம்பிண்ணாக்கும் இட்டேன்.

ஆனியில் நான்கு தளிர்கள் கிளம்பின. நான்கும் ஒட்டுத் தழும்புக்கு நான்கு விரற்கடை கீழிருந்தே வந்துள்ளன. தழும்புக்கு மேலே பட்டையைச் சுரண்டினால் பச்சை சிறிதும் இல்லை. பழைய மரத்தின் கொழுந்து வெளிர்பச்சையாக இருக்கும். இவற்றின் கொழுந்தோ ஊதா கலந்திருக்கிறது, கசக்கினால் வாசனையும் வேறு. ஆகவே இவை வேர்ச்செடியின் (ஒட்டுக்கு அடியில் வேராக இருக்கும் வேறு வகைச் செடியின்) தளிர்கள் என்றே கருதுகிறேன். அப்படியே வளரவிட்டால் எங்கள் எலுமிச்சை கிடைக்காது. இருப்பினும் இத்தனை உப்பையும் தாங்கிப் பிழைத்த வேரைத் தோண்டி எறிய மனம் வரவில்லை. வலுவான தளிர் இப்போது பென்சில் பருமனில், இரண்டரை அடி உயரத்தில் நிற்கிறது.

உப்புக்காற்று வீசும் இப்பகுதியில், அந்தத் தளிரில் பக்கத்துத் தோட்டத்து எலுமிச்சையின் மொட்டை எடுத்து ஒட்டுக் கட்டுவதற்கு எந்த மாதம் ஏற்றது?