புதுப்பிப்பு: மன்னார்குடியா, ஓசூரா?

மன்னார்குடி பக்கம் அரிசி ஆலையில் கணக்குப் பார்க்கிறேன், சம்பளம் 19,000, ஓசூரில் 30,000 தருகிறார்கள், போகலாமா என்று கேட்டிருந்தேன். போகிறேன். ஆனால் தை கழித்துத்தான்.

கிராஜுவிட்டி (5 வருடம் வேலை பார்த்தவர் விலகும்போது முதலாளி தரும் பணிக்கொடை) இருக்கிறதே என்று எடுத்துச் சொன்னவருக்குத் தனி நன்றி. தையில் எனக்கு 5 வருடம் நிறைகிறது. ஒரு வருடத்துக்கு 15 நாள் சம்பளம், மாதத்தை 26 நாளாக வைத்துக் கணக்கு. என் அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் 13,000. வருடத்துக்கு 7,500 வீதம் 37,500 வரும். அதை விட்டுப் போக மனசில்லை. ஓசூரிலும் காத்திருக்கச் சம்மதித்துவிட்டார்கள்.

பிஎஃப் பணத்தை எடுக்கவில்லை, புதுக் கணக்குக்கு மாற்றிக்கொள்வேன். இந்த வருடங்களும் சேர்ந்து 10 வருட சேவை ஆனால்தானே மாத ஓய்வூதியம்.

முதலாளி 2,000 ஏற்றித் தருவதாகச் சொன்னார். நல்ல மனிதர்தான். ஆனால் அறுவடை நேரத்தில் நெல் லாரி வரிசை முடியும்வரை, ராத்திரி பத்தானாலும், எடைமேடையில் நின்று சீட்டு எழுதுவேன். அதற்குத் தனிக்காசு கிடையாது. வாடகை, சாப்பாடு போனாலும் ஓசூரில் கொஞ்சம் மிஞ்சும், தங்கச்சி படிப்புக்கு ஆகும்.

அப்பா ஒன்றுதான் கேட்டார்: "சம்பா அறுப்புக்கு இருப்பியாப்பா?" இருப்பேன்.

ஓசூரில் குறைந்த வாடகைக்கு அறை எந்தப் பக்கம் கிடைக்கும், தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.