மறு: புலி மரத்துல பீச்சுற திரவத்துக்கு என்ன சொல்?

அண்ணே வணக்கம். புலி மரத்துல அடையாளம் வைக்கப் பீச்சுற திரவத்துக்குத் தமிழ்ச் சொல்லா நீங்க போட்ட 'சிறுநீர்க் குறியீடு' எனக்கு ஒட்டல. குறியீடுன்னதும் மனசு அஞ்சல் குறியீட்டுப் பக்கம் போயிடுது, அது ஒண்ணு. இன்னொண்ணு, அது வெறும் சிறுநீர் இல்ல. புலி சும்மா மூத்திரம் போறப்போ குந்திக்கிட்டு தரையில போகும், இது அப்படி இல்ல, வாலை விறைப்பா மேல தூக்கி பின்பக்கமா மரத்து மேல பீச்சி அடிக்குது, மரம் சாஞ்சிருந்தா மழை படாத அடிப்பக்கமாப் பாத்து அடிக்குது. கொழுப்பும் கொஞ்சம் கலந்திருக்கு. 2008-ல ஆண் வங்கப்புலியோட திரவத்தை கேஸ் குரோமட்டோகிராஃபில (கலவையை ஆவியாக்கி தனித்தனியா பிரிக்கிற முறை) போட்டுப் பிரிச்சப்போ ஆவியாகிற சேர்மம் மட்டும் 98 கிடைச்சுது, கூடவே தனிமக் கந்தகமும். அத்தனையும் மளமளன்னு பறந்துட்டா அடுத்த புலி வர்றப்போ மோந்து பாக்க என்ன மிஞ்சும்? அந்தக் கொழுப்புதான் பிடிச்சு வச்சு கொஞ்சங்கொஞ்சமா விடுதுன்னு நினைக்கிறாங்க. சென்ட் செய்றவங்க புனுகு சேர்த்ததும் இதே காரணத்துக்குத்தான். இந்த வேலையைச் செய்ற பொருளுக்கு 'மணந்தாங்கி'ன்னு வைக்கலாம், சுமைதாங்கி இடிதாங்கி மாதிரி, யாருக்கும் விளக்கவே வேணாம்.

இப்ப 'வாசனை'யா 'நாற்றமா'ங்கிற பஞ்சாயத்து. 1990-ல பிரம்மச்சாரிங்கிற ஆராய்ச்சியாளரோட குழு புலித் திரவத்துல இருக்குன்னு சொன்ன 2-அசிட்டைல்-1-பைரோலின் வேற எதுவும் இல்ல, பாஸ்மதி அரிசியிலயும் ரம்பை இலையிலயும் வர்ற அதே மணம். வீட்டுப்பூனை மூத்திரத்துல மூக்கைப் பிடிக்க வைக்கிறது, அதுல இருக்கிற ஃபெலினின்ங்கிற அமினோ அமிலம் சிதைஞ்சு வர்ற கந்தகச் சேர்மம். ஒண்ணு நமக்கு வாசனை, ஒண்ணு நாத்தம், ஆனா பூனைக்கும் புலிக்கும் ரெண்டுமே சேதி. நாற்றம்ங்கிற சொல்லே ஒரு காலத்துல நறுமணமா இருந்து இப்ப கெட்டுப்போனதுதான். அதனால மனுச மூக்கோட தீர்ப்பு ஒட்டாத சொல் வேணும்: மோப்பம். செயலுக்கும் அடையாளத்துக்கும் 'மோப்பக்குறி', கன்னத்தை உரசுறதும் பின்னங்காலால மண்ணைப் பறிக்கிறதும் அதுலயே அடங்கிடும். திரவத்துக்கு மட்டும் தனியா 'குறிநீர்'னு முதல்ல நினைச்சேன், சத்தமாச் சொல்லிப் பாத்தேன், வேணாம், குறிக்கு நம்ம ஊர்ப் பேச்சுல இருக்கிற இன்னொரு அர்த்தம் உங்களுக்கே தெரியும். 'பீச்சுநீர்' எப்படி?

—

தம்பி, மோப்பக்குறி சரி. பீச்சுநீர் கொஞ்சம் கொச்சையா இருக்கு, பாடப்புத்தகத்துல வாத்தியார் சொன்னா பசங்க சிரிப்பாங்க. பழைய சொல் ஒண்ணு சும்மா கிடக்கே, 'கடி'. கடிமலர்னா மணமுள்ள மலர், கடிமரம்னா காவல் மரம். மணமும் காவலும் ஒரே சொல்லுல, அதுவும் மரத்தோட. புலிக்காகவே செஞ்சு வச்ச மாதிரி இல்ல? 'கடிநீர்'னு வையுங்க.

—

அண்ணே, படிச்சதும் எழுந்து நின்னுட்டேன், அவ்வளவு அழகு. ஆனா 'புலிக்கடி'ன்னு தலைப்பு போட்டா படிக்கிறவன் ஆஸ்பத்திரியைத்தான் தேடுவான், கடிநீரை நாய்க்கடி மருந்துன்னு நினைப்பான். இன்னொரு சிக்கல், இது காவல் மட்டும் இல்ல. பெண்புலி பருவத்துக்கு வர்ற நேரத்துல ஆணுக்குத் தெரியட்டும்னு அடிக்கடி பீச்சுது, அது வராதேன்னு சொல்றது இல்ல, வான்னு கூப்பிடறது. கடியில அந்த அழைப்பு வராது. பசங்க சிரிச்சா சிரிக்கட்டும், சிரிச்ச சொல் மறக்காது. ஃபெரோமோனை, அதாவது ஒரே இனத்து விலங்குகளுக்குள்ள சேதி சொல்ற வேதிப்பொருளுக்கான சொல்லை, அப்படியே விட்டுடலாம், 1959-ல கிரேக்க வேர் ரெண்டை ஒட்டிச் செஞ்ச சொல் அது, உலகம் பூரா அப்படித்தான் ஓடுது.

மிச்சம் இருக்கிறது ஃப்ளேமன். மோந்ததும் மேல் உதட்டைத் தூக்கி மூக்கைச் சுருக்கி வாயைப் பிளந்துக்கிட்டு நிக்குமே, மேலண்ணத்துல இருக்கிற ஜேக்கப்சன் உறுப்புக்கு வாசத்தை அனுப்புறது. 'மோப்ப இளிப்பு'ன்னு எழுதி வச்சிருக்கேன், ஆனா உறுதி பண்ணல. ஆட்டுக்கிடாவும் இதையேதான் செய்யுது, பெட்டையோட மூத்திரத்தை மோந்துட்டு உதட்டைச் சுருட்டி வானத்தைப் பாக்கும். ஆடு வளர்க்கிறவங்க இதுக்கு ஒரு சொல் வச்சிருப்பாங்க, குழுவுல யாராவது வீட்டுல கேட்டுட்டு வந்து சொல்லுங்க, அதுவரைக்கும் என்னோட இளிப்பு நிலுவையில இருக்கட்டும்.