அந்த 25இல் சேர்வராயன் எங்கே?

நாகலூரான்:
நேற்று ஏற்காடு படங்கள் இழையில் அஸ்தம்பட்டிக்காரர் ஒரு வரி எழுதிவிட்டுப் போயிருக்கிறார்: “நார்மன் மையர்ஸ் இல்லையென்றால் சேர்வராயன் மலையில் இன்று ஒரு மரம் மிஞ்சியிருக்காது. பல்லுயிர்ப் பாதுகாப்பில் அவரளவுக்குத் தாக்கம் உள்ள விஞ்ஞானி கிடையாது.” படித்ததும் காப்பி புரையேறிவிட்டது. மையர்ஸ் பெரிய ஆள்தான், சரி. வேறெங்கும் இல்லாத தாவரங்கள் நிறைந்து, ஆனால் பெரும்பகுதி அழிந்துபோன இடங்களை 1988இல் ‘ஹாட்ஸ்பாட்’ என்று எழுதினார். 2000இல் நேச்சர் இதழில் உலகம் முழுக்க 25 இடங்களைப் பட்டியல் போட்டார். அதில் மேற்குத் தொடர்ச்சி மலை இருக்கிறது, இலங்கை இருக்கிறது. ஏற்காடு இருக்கும் சேர்வராயனோ கிழக்குத் தொடர்ச்சி மலை. பட்டியலிலேயே இல்லாத மலையை அவர் எப்படிக் காப்பாற்றினாராம்?

அஸ்தம்பட்டி வாசி:
ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு தொங்காதீர்கள் சார். அந்த ஒரு கட்டுரையை மேற்கோள் காட்டியவர்கள் பல்லாயிரம் பேர். உலகின் கலன்தாவர (உள்ளே நீர் கடத்தும் குழாய் உள்ள செடி, மர) இனங்களில் 44 சதவீதம் அந்த 25 இடங்களைத் தவிர வேறெங்கும் கிடையாது, அங்கே மிச்சமிருக்கும் காடோ உலக நிலப்பரப்பில் 1.4 சதவீதம்தான் என்று காட்டினார். தாக்கம் என்றால் இதுதான்.

நாகலூரான்:
கணக்கு நன்றாக இருக்கிறது. 25இல் சேர்வராயன் எங்கே?

கொண்டைஊசி20:
இருவருக்கும் நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். மேற்கோள் எண்ணிக்கையை விடுங்கள், பணத்தைப் பாருங்கள். 2000இல் தொடங்கிய சிஇபிஎஃப் என்ற பல்லுயிர்ப் பாதுகாப்பு நிதி ஹாட்ஸ்பாட்களுக்கு மட்டுமே கொடுக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் வந்தது. ஒரு கட்டுரை காசாக மாறுவதைவிட என்ன தாக்கம் வேண்டும்?

நாகலூரான்:
நான் சொல்ல வந்ததை நீங்களே சொல்லிவிட்டீர்கள், நன்றி தம்பி. கோடு போட்டவர் அவர். கோட்டுக்கு அந்தப் பக்கம் காசு, இந்தப் பக்கம் பாக்சைட் என்ற அலுமினியத் தாது தோண்டிய பள்ளம். பட்டியலில் சேர அவர் வைத்த நிபந்தனை தெரியுமா? அங்கே மட்டும் வளரும் தாவரங்கள் 1,500 இருக்க வேண்டும், பழைய காட்டில் 70 சதவீதமாவது அழிந்திருக்க வேண்டும். எங்கள் மலையின் பெயரையே சுமக்கும் மரம் ஒன்று உண்டு, வெர்னோனியா சேர்வராயென்சிஸ். அது ஒன்று. இன்னும் 1,499 தேடுகிறேன், கிடைத்ததும் கடிதம் போடுகிறேன்.
போன ஆனிக் காற்றில் தோட்டத்துப் பலாமரத்தில் ஒரு கிளை முறிந்தது. கிளையோடு கொத்தாக ஆர்க்கிட், வேர் பட்டையை விடவே இல்லை. பட்டையோடு செதுக்கி எடுத்து, தேங்காய் நார் வைத்துப் பக்கத்து மரத்தில் கட்டினேன். இந்தத் தையில் இரண்டு தளிர் விட்டிருக்கிறது. எனக்கு மேற்கோள் பூஜ்யம். நானும் விஞ்ஞானிதான் என்று சொல்லவில்லை, சொன்னால் தப்பா?

அஸ்தம்பட்டி வாசி:
நிழலுக்குச் சில்வர் ஓக் நட்டுக் காப்பித் தோட்டம் போட்டவர்கள் ஆர்க்கிட் பற்றிப் பேசுவது அருமை. அது ஆஸ்திரேலியா மரம் சார். இங்கிருந்த சோலைக்காட்டை வெட்டியது மையர்ஸா?

நாகலூரான்:
இதை எதிர்பார்த்தேன். என் தோட்டத்தில் பலாவும் உண்டு, வந்து எண்ணிக்கொள்ளுங்கள். இரண்டு வருடத்துக்கு முன்னால் மிளகு விலை இழையிலும் இதே சில்வர் ஓக்கைத்தான் தூக்கிக்கொண்டு வந்தீர்கள். மறக்கவில்லை. 25இல் சேர்வராயன் எங்கே?

வாசகன்:
2003இல் கரீவா, மார்வியர் என்ற ஆய்வாளர்கள் இருவரும், பட்டியலில் இல்லாத இடங்களைப் பற்றி ‘கோல்ட்ஸ்பாட்’ என்றே எழுதினார்கள். ஹாட்ஸ்பாட்டை மட்டும் பார்த்தால் மற்ற இடங்கள் விட்டுப்போகும் என்பதுதான் சாரம். முதலில் தாக்கம் என்றால் என்ன என்று பேசிக்கொண்டால்...

நாகலூரான்:
வாசகன் சார், நீங்கள் என் கட்சி என்று எடுத்துக்கொள்கிறேன்.

வாசகன்:
நான் எந்தக் கட்சியும் இல்லை.

அஸ்தம்பட்டி வாசி:
கரீவாவின் எச் இன்டெக்ஸ் (ஆய்வாளரின் கட்டுரைகளையும் அவற்றுக்கு வந்த மேற்கோள்களையும் வைத்துப் போடும் எண்) எவ்வளவு, மையர்ஸுடையது எவ்வளவு, யாராவது போட்டுப் பார்த்தீர்களா?

கொண்டைஊசி20:
எச் இன்டெக்ஸே 2005இல் ஹிர்ஷ் என்ற இயற்பியல்காரர் உண்டாக்கியது. காட்டை அளக்க அதையா கொண்டுவருவீர்கள்? போன வாரம் 14ஆவது வளைவில் ஒரு காட்டெருமையைப் படம் பிடித்தேன், அதற்கு எவ்வளவு இன்டெக்ஸ்?

நாகலூரான்:
அது காட்டெருமை இல்லை, காட்டுமாடு. எருமை வேறு இனம். படத்துக்குக் கீழேயும் தப்பாகத்தான் போட்டிருந்தீர்கள்.

கொண்டைஊசி20:
எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம்.

நாகலூரான்:
எந்த ஊர், கொண்டலாம்பட்டியா? அங்கே எருமையே வேறு மாதிரி இருக்குமோ.
அஸ்தம்பட்டிக்காரருக்கு இன்னொன்று. ஏற்காட்டில் தேசிய ஆர்க்கிட் தோட்டம் 1963இல் வந்தது. மையர்ஸ் ஹாட்ஸ்பாட் என்று எழுதியதற்கு 25 வருடம் முன்னால். செடிகளைத் தொட்டியில் கட்டி வளர்த்தவர்களின் பெயர் உங்களுக்குத் தெரியுமா? எனக்கும் தெரியாது. அதைத்தான் சொல்கிறேன்.

அஸ்தம்பட்டி வாசி:
தோட்டம் வேறு, ஆய்வு வேறு. கொள்கை எழுதுபவர்களுக்குப் பாதுகாப்பை எங்கே தொடங்குவது என்று சொன்னவர் மையர்ஸ். பரீட்சை வேலை இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை விரிவாக எழுதுகிறேன்.

நாகலூரான்:
போன ஞாயிற்றுக்கிழமையும் இதையே சொன்னீர்கள். வரும்போது அந்த 25ஐயும் வரிசையாக எழுதிக்கொண்டு வாருங்கள்.

கொண்டைஊசி20:
அகராதியில் பார்த்துவிட்டேன், காட்டெருமை என்றும் போட்டிருக்கிறது.

நாகலூரான்:
எந்த அகராதி?