அஸூர் ஃபைல் ஷேர் ஸ்கிரிப்ட்ல மவுண்ட் ஆகுது, ஆனா யூசருக்கு இசட் டிரைவ் தெரியல

அம்லாங்கா_ஐடி:
வணக்கம் மக்களே. டர்பன்ல ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீசுக்கு ஐடி பார்க்குறேன். ஹார்பர் பேப்பர் எல்லாம், பில் ஆஃப் லேடிங், இன்வாய்ஸ் ஸ்கேன்னு, ஆபீஸ்ல ஒரு பழைய சர்வர்லதான் கிடந்துச்சு, லோட்ஷெடிங் வந்தா யுபிஎஸ் தாங்காம அது படுத்துக்கும், அதனால எல்லாத்தையும் அஸூருக்கு, அதாவது மைக்ரோசாஃப்ட் கிளவுடுக்கு தூக்கிட்டோம். விஎம் (கிளவுட்ல ஓடுற விர்ச்சுவல் மெஷின்), ஃபைல் ஷேர் (எல்லாரும் பொதுவா திறக்குற ஃபோல்டர்) ரெண்டுமே சவுத் ஆப்பிரிக்கா நார்த், அதாவது ஜோபர்க்ல. விண்டோஸ் சர்வர் 2022, ஸ்டாஃப் ரிமோட் டெஸ்க்டாப்ல வருவாங்க.

புது விஎம் ஏறும்போதே ஷேர் இசட் டிரைவா மாட்டிக்கட்டும்னு கஸ்டம் ஸ்கிரிப்ட் எக்ஸ்டென்ஷன்ல (விஎம் உள்ள நம்ம ஸ்கிரிப்ட்டை அஸூரே ஓட்டுற வசதி) பவர்ஷெல் போட்டேன், போர்ட்டல்ல கனெக்ட் அமுக்கினா குடுக்குமே அதே ஸ்கிரிப்ட்தான். சக்சீடட்னு பச்சையா காட்டுது, லாக்ல எரரும் இல்ல, ஆனா யாரு லாகின் பண்ணாலும் இசட் டிரைவ காணோம். நானே உள்ள போய் கையால ஓட்டினா எனக்கு மட்டும் வருது. கூடவே ஓசிஆர் (ஸ்கேன்ல இருக்குற எழுத்தை படிக்கிற சாஃப்ட்வேர்) ஓடுற லினக்ஸ் விஎம் ஒண்ணு இருக்கு, அதுலயும் இதே ஷேர் வேணும். தைப்பூசத்துக்கு காவடி எடுக்குறேன், அதுக்குள்ள முடிச்சாகணும், உதவுங்க.

மிட்ராண்ட்_மணி:
ஸ்கிரிப்ட்ல குறை இல்லண்ணே, அதை ஓட்டுற ஆளு வேற. விண்டோஸ்ல அந்த எக்ஸ்டென்ஷன் லோக்கல் சிஸ்டம் அக்கவுண்ட்ல, அதாவது விண்டோஸோட சொந்த அக்கவுண்ட்ல ஓடும். டிரைவ் மேப்பிங் அந்தந்த லாகின் செஷனோட நின்னுடும், ஸோ இசட் வந்திருக்கு, சிஸ்டத்துக்கு வந்திருக்கு, உங்க ஸ்டாஃப் கண்ணுக்கு எப்படி தெரியும். ஸ்கிரிப்ட்ல இருக்குற சிஎம்டிகீ கமாண்ட் சேவ் பண்ற பாஸ்வேர்டும் அதே கதைதான்.

நியூ-எஸ்எம்பிகுளோபல்மேப்பிங்னு ஒரு கமாண்ட் இருக்கு, அதை போட்டா விஎம்ல வர்ற எல்லாருக்கும் தெரியும். யூசர்நேம் ஸ்டோரேஜ் அக்கவுண்ட் பேரு, பாஸ்வேர்ட் அதோட கீ, ரீபூட்டுக்கு அப்புறமும் நிக்கிறதுக்கு பெர்சிஸ்டன்ட் ட்ரூ குடுங்க. இன்னைக்கே ஓடணும்னா இதுதான்.

சாட்ஸ்வர்த்_ரூட்:
மணி சொன்னது வேலை செய்யும், ஆனா கஸ்டமர் பேப்பர் இருக்குற ஷேருக்கு நான் அதை போடவே மாட்டேன். கீ வச்சு மாட்டினா எல்லாரும் ஒரே ஆளா, அதுவும் ஃபுல் பெர்மிஷனோட உள்ள போவாங்க. அக்கவுண்ட்ஸ் ஃபோல்டரை யாரு அழிச்சான்னு கேட்டா பதில் வராது. விஎம் எல்லாம் ஏற்கனவே டொமைன்ல (ஆபீஸ் லாகின் எல்லாத்தையும் ஒரே இடத்துல வச்சிருக்கிற ஆக்டிவ் டைரக்டரி) இருந்தா ஸ்டோரேஜ் அக்கவுண்ட்டையும் அதுல ஜாயின் பண்ணிட்டு, குரூப் பாலிசில (டொமைன்ல எல்லாருக்கும் ஒரே செட்டிங் தள்ளுற வசதி) டிரைவ் மேப் குடுத்துடுங்க, லாகின் பண்ணும்போது அவங்கவங்க பேர்லயே ஏறிக்கும், ஸ்கிரிப்ட்டே வேணாம்.

இல்ல கீ தான்னா, அதை ஸ்கிரிப்ட் உள்ளயோ சாதா செட்டிங்ஸ்லயோ எழுதாதீங்க, எக்ஸ்டென்ஷனோட ப்ரொடெக்டட் செட்டிங்ஸ்ல போடுங்க, அதுதான் என்க்ரிப்ட் ஆகும். ஒரு அக்கவுண்ட்டுக்கு ரெண்டு கீ குடுக்குறதே மாத்தி மாத்தி யூஸ் பண்ணத்தான். மாட்டியிருக்கிற கீயை யாராவது ரீஜெனரேட் பண்ணா எல்லா விஎம்லயும் டிரைவ் போச்சு.

(நாங்க இங்கயே பிறந்தவங்க, தமிழ்ல டைப் பண்ண சான்ஸ் கிடைக்கிறதே அபூர்வம், பிழை இருந்தா கண்டுக்காதீங்க.)

பென்குயின்_பிரிட்டோரியா:
லினக்ஸுக்கு நான் சொல்றேன். அங்க எக்ஸ்டென்ஷன் ரூட்டா (லினக்ஸோட அட்மின் அக்கவுண்ட்) ஓடுறதால மவுண்ட் எல்லாருக்கும் தெரியும், பிரச்சனை ரீபூட்லதான், எக்ஸ்டென்ஷன் ஒரு தடவைதான் ஓடும், ரீபூட்டுக்கு அப்புறம் ஷேர் இருக்காது. அதனால எஃப்எஸ்டேப்ல (பூட்ல எதையெல்லாம் மவுண்ட் பண்ணணும்னு இருக்குற ஃபைல்) வரி எழுதணும். கீயை தனி கிரெடென்ஷியல் ஃபைல்ல வச்சு பெர்மிஷன் 600 (ஓனர் மட்டும் படிக்கலாம், எழுதலாம்), எஸ்எம்பி (ஷேர் பேசுற ப்ரோட்டோகால்) வெர்ஷன் 3.1.1, அப்புறம் நோஃபெயில் கண்டிப்பா. நோஃபெயில் இல்லாம ஷேர் கிடைக்காத நேரத்துல பூட் ஆச்சுன்னா மெஷின் எமர்ஜென்சி மோடுல போய் உக்காந்துக்கும், எஸ்எஸ்ஹெச்சும் வராது, சீரியல் கன்சோல்ல போய்தான் எடுக்கணும். ஓசிஆர் வேற யூசர்ல ஓடுதுன்னா அதோட யூசர் நம்பர், குரூப் நம்பர் (யூஐடி, ஜிஐடி) ரெண்டும் குடுங்க, இல்லன்னா அது எழுத முடியாம நிக்கும்.

இன்னொண்ணு, உபுண்டுன்னா முதல் பூட்ல ஆட்டோ அப்டேட் ஏப்டி (பேக்கேஜ் இன்ஸ்டால் பண்ற டூல்) லாக்கை பிடிச்சிருக்கும், மவுண்டுக்கு வேணும்ங்கிற சிஃப்ஸ்-யூட்டில்ஸ் இன்ஸ்டால் அங்கயே விழும். லாக் விடுற வரைக்கும் வெயிட் பண்ற மாதிரி எழுதுங்க. எஃப்எஸ்டேப்ல அந்த வரி ஏற்கனவே இருக்கான்னு கிரெப் கமாண்ட்ல தேடிட்டு சேருங்க, ஸ்கிரிப்ட் திரும்ப ஓடினா ரெட்டை வரி வந்துடும்.

அம்லாங்கா_ஐடி:
ரொம்ப நன்றி எல்லாருக்கும். டொமைன்லதான் இருக்கு, சாட்ஸ்வர்த் அண்ணன் சொன்ன வழில போறேன். லினக்ஸ் ஏறிடுச்சு, நோஃபெயில் போட்டாச்சு. ஒரு சந்தேகம் மட்டும், வீட்டு ஃபைபர்ல இருந்து லேப்டாப்ல ஷேர் சுத்தமா கிடைக்கல, விஎம்ல இருந்து போகுது.

மிட்ராண்ட்_மணி:
ஷேர் போற 445 போர்ட்தான் காரணம். 2017 வானாக்ரை வைரஸுக்கும் முன்னாடில இருந்தே நிறைய சர்வீஸ் ப்ரொவைடர் அதை அடைச்சு வச்சிருக்காங்க. டெஸ்ட்-நெட்கனெக்ஷன்ல 445 குடுத்து பாருங்க, ஃபால்ஸ் வந்தா அதேதான். திறந்து விட சொல்லி அலையாதீங்க, பாயின்ட் டு சைட் விபிஎன் (லேப்டாப்ல இருந்து அஸூர் நெட்வொர்க்குக்கு தனி பாதை) போட்டு ஷேருக்கு ப்ரைவேட் எண்ட்பாயின்ட் (நெட்வொர்க் உள்ள மட்டும் இருக்குற ஐபி) குடுங்க. விபிஎன் ஆன்ல இருக்கும்போது ஷேர் பேருக்கு என்எஸ்லுக்கப் (பேருக்கு என்ன ஐபின்னு கேக்குற கமாண்ட்) பண்ணா 10ல ஆரம்பிக்கிற மாதிரி உங்க விநெட் (அஸூர் உள்ள உங்க நெட்வொர்க்) ஐபி வரணும், பப்ளிக் ஐபி வந்தா டிஎன்எஸ் செட்டிங்கை பாருங்க.