எம்82: எக்ஸ்ரேயில் ஒளிர்வதுதான் அந்தக் காற்றா?

வியாசர்பாடி வானம்:
ஞாயித்துக்கிழமை காசிமேட்டுக் கூட்டத்துல எம்82 பேச்சு பாதியில நின்னுபோச்சு. இங்க தொடர்றேன். சுமார் 1.2 கோடி ஒளியாண்டு தூரத்து ஸ்டார்பர்ஸ்ட் கேலக்ஸி, சப்தரிஷி மண்டலத்துப் பக்கம். நடுவுல நட்சத்திரங்கள் மளமளன்னு பிறந்து சூப்பர்நோவாவா வெடிக்குது. அந்த வேகத்துல வாயு மேலயும் கீழயும் பீறிட்டுப் போகுது, அதைத்தான் கேலக்ஸியோட காத்துன்னு சொல்றோம். சந்திரா எக்ஸ்ரே தொலைநோக்கி எடுத்த படத்துல பல லட்சம் டிகிரியில அது தகதகன்னு தெரியுதே, வேற என்ன சாட்சி வேணும்?

தண்டையார்பேட்டை நிறமாலை:
அண்ணே, எனக்கு இதுல சம்மதமில்ல. எக்ஸ்ரே வெளிச்சம் அடர்த்தியோட வர்க்கத்துக்கு ஏத்தமாதிரி கூடும். 10 மடங்கு அடர்த்தின்னா 100 மடங்கு வெளிச்சம். அடர்த்தியான கொஞ்சம் வாயுவே பளிச்சுன்னு தெரியும், அதனால படத்துல பளிச்சுன்னு இருக்கற இடத்துலதான் காத்தோட பெரும்பகுதி இருக்குன்னு சொல்லவே முடியாது. டீக்கடை பாய்லர் மூக்குகிட்ட ஆவி கண்ணுக்குத் தெரியாது, ஆறின பிறகுதான் வெள்ளையாகும். இங்கயும் மென் எக்ஸ்ரே (குறைஞ்ச ஆற்றல் எக்ஸ்ரே) இழைகள், 10,000 டிகிரி ஹைட்ரஜன் இழைகளை ஒட்டியே ஓடுது. காத்து குளிர்ந்த மேகத்துல மோதற ஓரம்தான் அது. நிஜக் காத்துக்குத் தடயம் மையத்துல 6.7 கிலோ எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல்ல இருக்கற இரும்புக் கோடு, அதாவது ரொம்பச் சூடான இரும்பு நிறமாலையில விடற கோடு. இதைப் பத்தி 2007ல ஸ்ட்ரிக்லாண்டும் ஹெக்மனும் எழுதினாங்க. அவங்களோட 2009 கணக்குல காத்து 3 முதல் 8 கோடி டிகிரி. 1985லயே ஷெவாலியே, கிளெக் ரெண்டு பேரும் இந்தக் காத்துக்குப் போட்ட கணித மாதிரியும் இப்படி ஒரு சூட்டைத்தான் கேக்குது.

வியாசர்பாடி வானம்:
அந்த மையத்துல எக்ஸ்ரே இரட்டை விண்மீன்கள் (ஒண்ணு மத்ததோட வாயுவை உறிஞ்சி எக்ஸ்ரே விடற ஜோடிகள்) நெருக்கியடிச்சிட்டு நிக்குது தம்பி. அதுல எக்ஸ்-2 துடிக்கற நியூட்ரான் விண்மீன்னு 2014ல நூஸ்டார் எக்ஸ்ரே தொலைநோக்கி காட்டிச்சு. மங்கலான மத்ததோட வெளிச்சத்தை எல்லாம் உன் இரும்புக் கோட்டுல இருந்து பிரிச்சுட்டோம்னு எப்படி நம்பறது?

எண்ணூர் கழிமுகம்:
ரெண்டு பேரும் ஒண்ண விட்டுட்டீங்க. மென் எக்ஸ்ரே முழுக்கச் சூட்டால வர்றதில்ல. சூடான ஆக்சிஜன் அயனி, குளிர்ந்த ஹைட்ரஜன்கிட்ட இருந்து எலக்ட்ரானைப் பறிச்சாலும் எக்ஸ்ரே வரும். எக்ஸ்எம்எம்-நியூட்டன் தொலைநோக்கி பாத்த ஆக்சிஜன் கோடுகளோட விகிதம் அதைத்தான் சொல்லுது. அதைக் கழிக்காம வெப்பநிலை சொன்னா அந்த எண் தப்பாத்தான் வரும்.

தண்டையார்பேட்டை நிறமாலை:
இரட்டை விண்மீன்கள்ல பெரும்பாலும் வர்றது 6.4 கிலோ எலக்ட்ரான் வோல்ட் இரும்புக் கோடு அண்ணே, 6.7 இல்ல. 2023ல ஏவின எக்ஸ்ரிஸம் எக்ஸ்ரே தொலைநோக்கி சுமார் 5 எலக்ட்ரான் வோல்ட் நுணுக்கத்துல இதை அளக்கும். கோடு எவ்வளவு அகலம்னு பாத்தா வாயு எவ்வளவு வேகமா கலங்குதுன்னும் தெரியும். ஆனா அதோட வாசல் மூடி திறக்கல. 1.7 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டுக்குக் கீழ கிட்டத்தட்ட எதுவும் உள்ள வராது, கழிமுகம் கேக்கற ஆக்சிஜனுக்கு அது உதவாது.

வியாசர்பாடி வானம்:
இரும்பை அளக்கட்டும். ஆனா மென் எக்ஸ்ரேயை ஓரம்னு ஒதுக்க விடமாட்டேன். ஆக்சிஜனும் நியானும் மெக்னீசியமும் கேலக்ஸியோட தட்டைத் தாண்டி ஆயிரக்கணக்கான ஒளியாண்டு போறதை அதுலதானே பாக்கறோம்!