பழைய சூப்பர் கப் 70, ராத்திரியெல்லாம் பெட்ரோல் சொட்டுது, உதவி வேணும்

தான்லுவின்_கரை (மோல்மீன்)

எல்லாருக்கும் வணக்கம். எங்கப்பா ஓட்டின ஹோண்டா சூப்பர் கப் சி 70 இப்ப என்கிட்ட இருக்கு. ரெண்டு வருஷமா தார்ப்பாய் போட்டு மூடிக் கெடந்துச்சு, திங்யான் (பர்மா புத்தாண்டு) முடிஞ்சதும் எடுத்து ப்ளக் மாத்தி புதுசா பெட்ரோல் ஊத்தி உதைச்சேன், ஏழெட்டு உதையில பிடிச்சுக்கிச்சு, சத்தம் கேட்டு அம்மா அடுப்படியிலேருந்து வாசலுக்கே வந்துட்டாங்க. மறுநாள் காலைல பாத்தா எஞ்சின் மேல, தரையில எல்லாம் பெட்ரோல். டேங்க்ல பாதிக்கு மேல காணோம். பெட்ரோல் விக்கிற விலைக்கு இது தாங்குமா. சைடு ஸ்டாண்ட்ல போட்டா கூடுதலா ஒழுகுது, நடு ஸ்டாண்ட்ல கம்மி. மார்க்கெட் பக்கம் ஒரு கடையில காட்டினேன், பெட்ரோலையும் காத்தையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பற கார்புரேட்டரைத் தூக்கிப் போட்டுட்டு சைனா கார்புரேட்டர் மாட்டிக்கங்கன்னு சொல்லிட்டாங்க. எனக்கு மனசு வரல, அப்பா தன் கையால கழட்டித் தொடைச்சு மாட்டின கார்புரேட்டர் அது. மழை ஆரம்பிச்சதுலேருந்து ராத்திரி வண்டிய வீட்டுக்குள்ளதான் ஏத்தி வைக்கிறேன். எங்கேருந்து ஆரம்பிக்கிறது?

பெகு_பட்டறை

தம்பி, கார்புரேட்டர் அப்புறம். இன்னைக்கே வண்டிய வீட்டுக்குள்ளேருந்து வெளிய எடுங்க. பெட்ரோல் ஆவி காத்தை விட கனம், மேல போகாது, தரையோட தரையா பரவிப் போயி கரி அடுப்பையோ சாமி விளக்கையோ எட்டிடும். டேங்க்ல இருக்கறதை கேன்ல வடிச்சுட்டு ஓலைத் தாழ்வாரத்துலயாவது நிறுத்துங்க, நனைஞ்சா பரவால்ல.

இப்ப ஒழுகலுக்கு வருவோம். கழட்டறதுக்கு முன்னாடி எங்கேருந்து வருதுன்னு கண்ணால பாத்துடணும், நிறைய பேரு இத செய்யாமதான் காசை விடறாங்க. முன்னாடி இருக்கற லெக் ஷீல்டைக் கழட்டிட்டு கார்புரேட்டரை துணியால நல்லா காயத் தொடைங்க, கொஞ்சமா பெட்ரோல் ஊத்தி டேப்பைத் திறந்துட்டு டார்ச் அடிச்சுப் பாத்துட்டே இருங்க. பழைய சி 70ல பெட்ரோல் டேப்பு கார்புரேட்டர் உடம்புலயே இருக்கும், அதனால டேப்பு கைப்பிடி ஓரத்துல கசிஞ்சாலும் கீழ இறங்கி வந்து கிண்ணம் (கார்புரேட்டர் அடியில பெட்ரோல் தங்கற பகுதி) ஒழுகற மாதிரிதான் தெரியும். கைப்பிடி ஓரத்துல ஈரம்னா உள்ள இருக்கற நாலு ஓட்டை ரப்பர் காஞ்சு போச்சு. கிண்ணமும் உடம்பும் சேர்ற இடத்துல ஈரம்னா அந்த ரப்பர் வளையம். இந்த ரெண்டும் சல்லிசான வேலை. அடியில இருக்கற ஓவர்ஃப்ளோ குழாய் வழியா வந்தாதான் உள்ள கோளாறு.

சைடு ஸ்டாண்ட்ல கூடுதலா ஒழுகுதுன்னு எழுதியிருக்கீங்களே, அதை வச்சுப் பாத்தா எனக்கு மூணாவதுதான்னு தோணுது. கிண்ணத்துக்குள்ள ஒரு மிதவை, அது மேல ஏறினதும் ஒரு ஊசி போயி வழியை அடைக்கணும், வீட்டு மாடில தண்ணித் தொட்டிக்கு மிதவை வால்வு போடறோமே அதே கணக்கு. ஊசி சரியா அடைக்கலன்னா மட்டம் ஏறிக்கிட்டே போகும், வண்டி சாஞ்சதும் குழாய் வாயைத் தாண்டி வழியும்.

தட்டோன்_ரெண்டுசக்கரம்

பட்டறை அண்ணன் சொன்னது சரி. என் சித்தப்பா வண்டியும் இதே மாதிரி நின்னு கெடந்து எடுத்ததுதான், நான் பட்ட பாட்டை சொல்றேன், உங்களுக்கு மிச்சமாகும்.

ஸ்க்ரூ டிரைவர்லதான் ஆரம்பமே. ஜப்பான் வண்டி கார்புரேட்டர் ஸ்க்ரூ பாக்க சாதாரண ஸ்டார் மாதிரி இருக்கும், ஆனா அந்த ஊர் அளவே வேற, நம்ம ஸ்டார் டிரைவர் போட்டுத் திருகினா வழுக்கி தலையைத் தின்னுடும். ஜேஐஎஸ் டிரைவர்னு கேட்டு வாங்குங்க. மிதவையைப் பிடிச்சிருக்கற சின்ன ஆணியை சுத்தியலால தட்டவே தட்டாதீங்க, எந்தப் பக்கத்துலேருந்து நகருதோ அந்தப் பக்கமா மெதுவா தள்ளுங்க, ஆணியைத் தாங்கற தூண் ஒடைஞ்சா கார்புரேட்டரே போச்சு.

மிதவையை காதுகிட்ட வச்சு ஆட்டிப் பாருங்க. உள்ள சளசளன்னா ஓட்டை விழுந்து பெட்ரோல் குடிச்சிருக்கு. சத்தம் இல்லன்னா பிழைச்சீங்க. அப்புறம் ஊசி முனைய நகத்தால தடவுங்க, சுத்தி ஒரு பள்ளம் தட்டுப்பட்டா மாத்தியே ஆகணும். ஊசி உக்கார்ற பித்தளை வாயில பஞ்சுக் குச்சியில கொஞ்சம் பித்தளை பாலிஷ் தொட்டு சுத்தி சுத்தி தேய்ங்க, பளிச்சுன்னு ஆகற வரைக்கும், அப்புறம் சுத்தமா கழுவிடணும். ஜெட் (பெட்ரோலை அளந்து விடற பொடி ஓட்டை போட்ட பித்தளைத் துண்டு) ஓட்டைக்குள்ள மட்டும் இரும்புக் கம்பி விடாதீங்க, ஓட்டை பெருசானா மைலேஜ் போயிடும்.

மாட்டறதுக்கு முன்னாடி ஒரு சோதனை. ஊசியும் மிதவையும் போட்டுட்டு கார்புரேட்டரை தலைகீழா பிடிச்சு பெட்ரோல் ஹோஸ்ல ஊதுங்க, காத்து போகக் கூடாது. நேரா திருப்பினா போகணும். தலைகீழா பிடிச்சும் கசிஞ்சா இன்னும் அடைக்கலன்னு அர்த்தம்.

இன்னொன்னு, இத நான் ரொம்ப லேட்டாதான் கத்துக்கிட்டேன், ஊசி புதுசு மிதவை நல்லது ஆனாலும் நாலு நாள் ஒழுகிச்சு. கிண்ணத்துக்குள்ள நடுவுல நிக்கற ஓவர்ஃப்ளோ குழாய் மயிரிழை அளவுக்கு வெடிச்சிருந்துச்சு. கிண்ணத்தைக் கழட்டி அந்தக் குழாய் உச்சிக்கு கொஞ்சம் கீழ வரைக்கும் பெட்ரோல் ஊத்தி ஒரு வெள்ளைத் தாள் மேல பிடிங்க, சொட்டினா வெடிப்பு இருக்கு.

ரங்கூன்வாசி

நான் இங்க ஓட்ட முடியாது, ரங்கூன் நகரத்துக்குள்ள 2003லேருந்து மோட்டார் சைக்கிளுக்குத் தடை, வண்டி ஊர்ல தம்பிகிட்ட இருக்கு. ஆனா ஒரு விஷயம் யாரும் சொல்லல. ராத்திரி முழுக்க வழிஞ்ச பெட்ரோல் எல்லாம் வெளிய மட்டும் வந்திருக்காது, இன்டேக் வழியா எஞ்சினுக்குள்ளயும் போயிருக்கும். ஆயில் குச்சியை எடுத்துப் பாருங்க. மட்டம் ஏறியிருந்தாலோ தண்ணியாட்டம் இருந்தாலோ மோந்து பாத்தா பெட்ரோல் வாடை வந்தாலோ உதைக்காதீங்க, ஆயிலை முழுக்க வடிச்சுட்டு புதுசு ஊத்தினப்புறம்தான் ஸ்டார்ட் பண்ணணும். பெட்ரோல் கலந்த ஆயில் பிடிமானம் இல்லாம எஞ்சினைத் தின்னுடும். கார்புரேட்டர் போனா வேற வாங்கலாம், அந்த எஞ்சின் போனா எங்க தேடுவீங்க.

தான்லுவின்_கரை (மோல்மீன்)

அண்ணன்மாரே, ரொம்ப நன்றி. அன்னைக்கே வண்டிய வெளிய எடுத்துட்டேன், அம்மாவுக்கும் நிம்மதி. ஆயில் குச்சி எடுத்ததும் பெட்ரோல் வாடை மூக்கைத் தூக்குச்சு, வடிச்சா நிறமே இல்ல, நல்லவேளை கேட்டேன்.

கார்புரேட்டரைத் திறந்தா கிண்ணத்தடியில செக்கச்செவேல்னு துரு மாவு, அதுக்கு மேல ரெண்டு மூணு சொட்டு தண்ணி குண்டு குண்டா உருண்டு நிக்குது. ஊசி முனையிலயும் பள்ளம். மிதவையும் நடுக் குழாயும் நல்லாத்தான் இருக்கு, வெள்ளைத் தாள் காஞ்சே இருந்துச்சு. புது ஊசி, கிண்ண ரப்பர், நாலு ஓட்டை ரப்பர் மூணும் போட்டு பித்தளை வாயையும் தேய்ச்சேன். ஊதிப் பாத்தேன், நிக்குது. இப்ப நேத்து ராத்திரி முழுக்க சைடு ஸ்டாண்ட்ல, அதுவும் டேப்பைத் திறந்தே வச்சு சோதிச்சேன், கீழ விரிச்ச அட்டை காலைல காஞ்சு கெடந்துச்சு. ஆனா டேப்பை ரிசர்வ்ல வச்சா மட்டும் கைப்பிடி ஓரத்துல லேசா ஈரம் வருது, அது ஏன்?

பெகு_பட்டறை

நல்ல வேலை பண்ணியிருக்கீங்க தம்பி. ரிசர்வ்ல ஈரம் வந்தா டேப்பு கைப்பிடியைப் பிடிச்சிருக்கற தகட்டை ஒரு பக்கமா இறுக்கியிருப்பீங்க. ரெண்டு ஸ்க்ரூவையும் தளர்த்திட்டு மாத்தி மாத்தி கால் சுத்து கால் சுத்தா இறுக்குங்க, கைப்பிடி கொஞ்சம் இறுக்கமா திரும்பணும், அதோட நிறுத்திடுங்க.

அந்தத் துரு டேங்க்லேருந்துதான் வருது, அதை விட்டா ரெண்டு மாசத்துல புது ஊசிக்கும் இதே கதி. டேங்கைக் கழட்டி வினிகர் ஊத்தி ஒரு நாள் ஊற வைங்க, வடிச்சுட்டு சோடா உப்புத் தண்ணியால அலசி அன்னைக்கே வெயில்ல காய வைங்க, ஈரத்தோட விட்டா மறுபடி பூக்கும். உங்க ஊர் மழைக்கு டேங்கை எப்பவும் ரொப்பி வைக்கிறது நல்லது, காலி இடத்துலதான் ஈரம் படிஞ்சு தண்ணியாகுது. ரோட்டோரம் பாட்டில்ல வாங்கினா மெல்லிசு துணி போட்டு வடிகட்டி ஊத்துங்க.