கல்லிடைக்குறிச்சியில் கிடந்த பாதல்: மூணு சக்கர காரைச் சரிசெய்த அனுபவம்

பைபர் பாடி கார் ஒன்று எங்காவது கிடக்கிறது என்று பார்க்கப் போகிறவர்கள் எல்லாரும் முதலில் பாடியைத்தான் தடவிப் பார்க்கிறார்கள். பைபர் துருப்பிடிக்காது. தூசியைத் துடைத்தால் வண்டி நன்றாக இருப்பதுபோலத் தோன்றும். ஆனால் அதைச் சுமக்கிற சேஸிஸ் இரும்பு. அதனால் கீழே படுத்துப் பார்க்காமல் விலை பேசாதீர்கள்.

நான் எடுத்தது பாதல். 1970களில் பெங்களூரில் சன்ரைஸ் ஆட்டோ கட்டிய வண்டி. அந்தக் கம்பெனிக்குப் பின்னால் வந்த பெயரான சிபானி என்று சொன்னால் மூத்தவர்களுக்கு உடனே புரியும். முன்னால் ஒற்றைச் சக்கரம், பின்னால் இரண்டு. இன்ஜினும் பின்பக்கம்தான், 198 சிசி டூ ஸ்ட்ரோக். கல்லிடைக்குறிச்சியில் ஒரு ஆச்சி வீட்டு ஷெட்டில் வெகுகாலமாகக் கிடந்தது. "இரும்புக்கடைக்காரன் ரெண்டு தடவ வந்து கேட்டுட்டுப் போயிட்டான் தம்பி. அவுக ஓட்டுன வண்டி, உடைக்கதுக்குக் குடுக்க மனசு வரல" என்றார் ஆச்சி. ஓட்டுவதற்கென்றால் தருகிறேன் என்று அவர் சொன்னதுதான் எங்களுக்குள் பேசிய ஒரே நிபந்தனை.

டார்ச்சும் சின்னச் சுத்தியலும் எடுத்துக்கொண்டு அடியில் புகுந்தேன். நல்ல இரும்பைத் தட்டினால் கணீரென்று கேட்கும். பின்சக்கரத்தை ஒட்டிய குறுக்குச் சட்டத்தில் சத்தமே வரவில்லை. அடுத்த தட்டில் சுத்தியல் முனை உள்ளே போய்விட்டது. வண்டி ஓடிய காலத்தில் சக்கரம் வாரியிறைத்த மண் அந்த மூலையில் அடைந்து, மழைக்கு மழை ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கிறது. மேலே பெயிண்ட் தோல் மட்டும் மிச்சம்.

பேட்டையில் ஒரு வெல்டிங் பட்டறையில் பாடியைத் தனியாகத் தூக்கி வைத்துவிட்டு வேலையைத் தொடங்கினோம். துருப்பிடித்த சட்டத்தை வெட்டும் முன்பே குறுக்கே தற்காலிகமாக ஆங்கிள் வைத்து டேக் அடித்து (சின்னப் புள்ளி வெல்டிங்), மூலைக்கு மூலை அளந்து எழுதிக்கொண்டோம். மூணு சக்கரத்தில் இது ரொம்ப முக்கியம். முன்சக்கரம் நடுக்கோட்டிலிருந்து கொஞ்சம் விலகினாலும் வண்டி ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டே இருக்கும்.

இன்ஜினுக்குப் பயப்படவே வேண்டாம். டூ ஸ்ட்ரோக் ஆட்டோவில் கைபழகிய மெக்கானிக்குகள் நம்ம ஊரில் இன்னும் இருக்கிறார்கள். மேலப்பாளையத்தில் எனக்குக் கிடைத்த பாய் அப்படிப்பட்டவர். பிஸ்டன் பிடித்துப்போயிருந்தது. "வம்படியா சுத்தாதீங்க தம்பி, ரிங்கு ஒடிஞ்சு போர்ட்ல மாட்டுனா சிலிண்டரே போச்சு" என்று சொல்லி, பிளக் ஓட்டை வழியாக டீசலும் ஆயிலும் ஊற்றி ஊறவிட்டார். தானாக இளகி வந்தது. கிராங்க் தண்டின் இரு முனையிலும் இருக்கும் ரப்பர் வளையங்களான ஆயில் சீல் இரண்டையும், பார்க்க நன்றாக இருந்தும், மாற்றியே ஆகவேண்டும் என்றார். காய்ந்த சீல் வழியாகக் காற்று உள்ளே போனால் பெட்ரோல் கலவை நீர்த்துவிடும், அதோடு சேர்ந்து போய் பிஸ்டன் உராயாமல் காக்கும் 2டி ஆயிலும் குறையும். இன்ஜின் சும்மாவே உறுமும், சூடாகும், மறுபடி பிஸ்டன் பிடிக்கும். கியர் பாக்ஸ் பக்கத்துச் சீல் போனால் கியர் ஆயிலை உறிஞ்சி வெள்ளையாகப் புகை தள்ளும். இவ்வளவையும் அவர் சொன்னது கையில் அந்தச் சீலை வளைத்து, உதட்டு ஓரத்தில் முடிபோல ஓடிய வெடிப்பைக் காட்டிக்கொண்டே.

பைபர் வேலைக்கு ஆள் தேடி அலையாதீர்கள், நேரே உவரிக்குப் போங்கள். பைபர் வள்ளம் பழுதுபார்க்கிறவர்களுக்கு இது தினசரி வேலை. எனக்குச் செய்து தந்தவர் வெடிப்பின் மேல் பட்டி பூசக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட்டார். வெடிப்பைச் சுற்றி அகலமாகச் சரித்துத் தேய்த்து, உள்பக்கமிருந்து 'மேட்' என்கிற கண்ணாடி நார் விரிப்பை ரெசின் என்ற பசையில் நனைத்து அடுக்கடுக்காக வைத்து, ரோலரால் காற்றுக் குமிழை வெளியே தள்ளினார். அந்த விரிப்பின் வெள்ளை மறைந்து கண்ணாடியாகத் தெரியும்வரை விடவில்லை. நம்ம வெயிலில் ரெசின் சட்டென்று கட்டிவிடும், ஆகவே விடியற்காலையில், சின்னச் சின்ன டப்பாவாகத்தான் கலக்கினார். ஒன்று கவனியுங்கள்: ரெசினை இறுகவைக்கச் சேர்க்கிற கோபால்ட்டையும் ஹார்ட்னரையும் நேரடியாக ஒன்றோடொன்று கலந்தால் வெடிக்கும். முதலில் ஒன்றை ரெசினில் நன்றாகக் கலக்கிவிட்டு அப்புறம்தான் மற்றது.

பெயிண்ட் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. கதவின் உள்பக்கம் மிஞ்சியிருந்த பழைய நிறத்தையே கலந்து அடித்தோம்.

தென்காசியிலிருந்து ஒரு வாசகர்:
எங்க சித்தப்பா ஒரு பாதல் வைத்திருந்தார், சின்ன வயதில் அதில்தான் குற்றாலம் போவோம். ஓட்டும்போது இரண்டு விஷயம் பார்த்துக்கிடுங்க அண்ணாச்சி. வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும். வளைவுக்குள் பிரேக் மிதித்தால் எடை முன்னால் போய், ஒற்றைச் சக்கரம் தாங்காமல் வண்டி வெளிப்பக்கம் சாயப் பார்க்கும். குழியை நடுவில் விட்டுத் தாண்டுகிற பழக்கத்தையும் மறந்துவிடுங்கள், நடுவில்தான் உங்கள் முன்சக்கரம் வருகிறது. சிபானி பின்னால் கொண்டுவந்த டால்பின் நாலு சக்கரம், இங்கிலாந்தின் ரிலையண்ட் கிட்டனை ஒட்டியது. அதுவும் பைபர் பாடிதான், ஆனால் இந்தத் தொல்லை கிடையாது.

பாளையங்கோட்டையிலிருந்து இன்னொரு வாசகர்:
ஆர்.சி. என்ன ஆச்சு? ஐம்பது வயது தாண்டிய வண்டிகளுக்கு 2021-இல் வந்த விண்டேஜ் விதியும் 'VA' என்ற தனி வரிசை நம்பரும் இரு சக்கர, நாலு சக்கர சொந்த வண்டிகளுக்குத்தான். மூணு சக்கரத்துக்கு அந்த வழி இல்லை. பழைய ஆர்.சி.யைக் காப்பாற்றித்தான் ஆகவேண்டும். இறந்தவர் பெயரில் இருந்தால் வாரிசுச் சான்றிதழோடு படிவம் 31, பிறகு விற்பனைக்கு 29, 30, புதுப்பிக்க 25.

கல்லிடைக்குறிச்சி பாதல்காரன்:
ஆர்.சி. புக் ஆச்சியின் டிரங்குப் பெட்டியில் பத்திரமாக இருந்தது. நீங்கள் சொன்ன வரிசையில்தான் போய்க்கொண்டிருக்கிறேன், ஆச்சி பெயருக்கு மாறிவிட்டது, அடுத்தது என் பெயருக்கு. சேஸிஸ் வெட்டும்போது நம்பர் பொறித்த துண்டை மட்டும் தொடவே கூடாது என்று சாக்பீஸால் வட்டம் போட்டுக் கொடுத்திருந்தேன். அந்தத் துண்டு அப்படியே இருக்கிறது, புக்கில் உள்ள நம்பரோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகிறது. இனி ஆய்வாளர் பார்க்க வேண்டியதுதான்.